போட்ட பழியும் வாங்கிய பழியும்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சிட்டுவை மருந்துக் கடைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். தனக்கான மாத்திரை வாங்கப் போனவள், கவுன்ட்டரில் அண்ணன் நிற்பதைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டாள். கடைக்காரருக்குக் காது மந்தம். அதனால் அவருக்கு ஊரே செவிடாகத் தெரியும். "காலைல சாப்பிட்டதும் ஒண்ணு. கவனம் நிக்கிறதுக்கான மருந்து இது. சாயங்காலம் போடாதீங்க, தூக்கம் வராது" என்று தெருமுனை வரை கேட்கும்படி சொன்னார். அண்ணன் மருந்தைச் சட்டைப் பைக்குள் திணித்து, திருடிக்கொண்டு போகிறவனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அப்பா விட்டுப்போனது ஒரு பல் லேப். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செட்டும், பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும் செய்து கொடுக்கிற இடம். அண்ணன்தான் முதலாளி. வருகிற அச்சுகளைப் பிரித்துக் கொடுப்பதும், முடிந்ததைப் பெட்டியில் போட்டுப் பெயர் ஒட்டி அனுப்புவதும் அவன் பொறுப்பு. அண்ணி முன் மேஜையில் போன் எடுப்பாள். உள்ளே உட்கார்ந்து பல் கட்டுகிறவள் சிட்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் சிட்டு ஒரு வாரம் கண் மூடவில்லை. லேபில் கிடந்த பழைய பிளாஸ்டர் வாய்களுக்கெல்லாம், அதில் செத்துப்போனவர்களின் வாய்களுக்கும் சேர்த்து, பல் கட்டி முடித்தாள். பிறகு தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சிரித்துக் காட்டச் சொன்னாள். மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். பைபோலார் என்றார்கள். மனசு ஒரு காலம் மலையேறும், ஒரு காலம் கிணற்றுக்குள் இறங்கும், மருந்தை விடாமல் எடுத்தால் சமதரையில் நடக்கலாம் என்றார்கள். அன்றிலிருந்து அவள் சமதரையில்தான் நடக்கிறாள். லித்தியம் என்ற அந்த மருந்து கைக்கு ஒரு சின்ன நடுக்கத்தைக் கொடுத்திருக்கிறது. மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டால் அந்த நடுக்கம் பல்லுக்குப் போகாது. ஓயாமல் தாகமெடுக்கும், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கும். மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வீட்டில்தான் இருந்தது. கோபப்படுகிற உரிமை அவளிடமிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குரலை உயர்த்தினால், "மாத்திரை போட்டியா சிட்டு?" வாய்விட்டுச் சிரித்தாலும் அதே கேள்வி, சும்மா இருந்தாலும் அதே கேள்வி. அண்ணன் கேட்பான். அண்ணி அதைவிட அதிகம் கேட்பாள். அந்தக் கேள்வி வந்து விழுந்த பிறகு எந்த நியாயமும் எழுந்து நிற்காது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது பல் டாக்டரம்மா வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையால். மருந்துக் கடை நாளுக்குக் கொஞ்சம் முன்னால் எதேச்சையாகக் கடைத் தெருவில் பார்த்தவர், "இப்ப மனசு பரவாயில்லையா? ஒவ்வொரு தடவை பல் தப்பா வரும்போதும் உங்க அண்ணன் சொல்லி வருத்தப்படுவாரு" என்று ஆறுதலாகக் கேட்டார்.

பெயர் மாற்றி ஒட்டியது அண்ணன். நிறம் மாற்றி எழுதியது அண்ணன். அனுப்ப வேண்டியதை அலமாரியிலேயே மறந்தது அண்ணன். ஆனால் ஊரிலுள்ள டாக்டர்களிடமெல்லாம் அது சிட்டுவின் பைத்தியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

*

இத்தனைக்கும் அண்ணனின் தப்புகளில் பாதிதான் வெளியே போயிற்று. மீதிப் பாதியைச் சிட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது, அனுப்ப வைத்திருக்கும் பெட்டிகளை ஒரு பார்வை பார்ப்பாள். மேல் வரிசைப் பல்லோடு வேறு யாருடைய கீழ் வரிசையோ ஜோடி சேர்ந்திருக்கும், பிரித்து வைப்பாள். பெயர் மாறியிருக்கும், மாற்றி ஒட்டுவாள். அண்ணன் ஒரு வேலையைத் தொட்டால் அது முடிவதற்குள் இன்னும் நாலைத் தொட்டுவிடுவான், எதுவும் கரை சேராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கூடப் பிறந்தவனின் ஓட்டைப் பானைக்குக் கீழே கை ஏந்துவது அவளுக்குப் பாரமாக இருந்ததே இல்லை.

மருந்துக் கடையிலிருந்து வந்த நாளோடு அவள் கையை எடுத்துவிட்டாள்.

சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. தன் வேலையைப் பழுதில்லாமல் செய்தாள், மேஜையைத் துடைத்தாள், அலமாரிப் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இதைவிடச் சுலபமான பழிவாங்கல் உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் கண் தப்பி அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு முழுப் பல் செட்டுகள் பெட்டி மாறி உட்கார்ந்திருந்தன. ஒன்று குறுகிய தாடைக்காரர் ஒருவருக்கு, இன்னொன்று வாய் அகன்ற ஒரு பெரியவருக்கு. இரண்டையும் கட்டியது அவள் கை. பிள்ளை முகம் தாய்க்கு மாறுமா? கை தானாக நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

அன்று வீட்டில் அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தான். தேடட்டும் என்று விட்டாள்.

*

இனி இன்றைய கதை.

காலையில் பல் டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார். எதுவானாலும் போனில் முடித்துக்கொள்கிறவர். அவர் பெட்டியை முன் மேஜையில் வைத்த சத்தம், பலகைத் தடுப்புக்குப் பின்னால் மெழுகு சீவிக்கொண்டிருந்த சிட்டுவுக்குக் கேட்டது.

டாக்டரம்மா கத்துகிற ஜாதி இல்லை. நிதானமாகச் சொன்னார். அந்தப் பெரியவர் பல்லை எல்லாம் எடுத்துவிட்டு வாரக்கணக்காகக் கரைத்ததையே குடித்துக்கொண்டிருக்கிறார். பேரனுக்குக் கல்யாணம், மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசை. நேற்று குடும்பமே கூட வந்திருக்கிறது. வாயில் வைத்ததும் மேல் செட் வழுக்கி மடியில் விழுந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

அழுதுவிட்டார் என்ற சொல் சிட்டுவுக்குள் முள்ளாக இறங்கியது. பெரியவர் அவளுக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். துக்க வீட்டில் பேசுகிற குரல். "என்னத்தச் சொல்றது டாக்டர். தங்கச்சிக்கு மறுபடியும் மனசு சரியில்ல. வேலையை விட்டு நிறுத்தவும் மனசு வரல. கூடப் பொறந்துட்டாளே."

பிறர் சொல்லிக் கேட்டதைத் தன் காதால் கேட்பது வேறு. உடம்பு கொதிக்கும் என்று சிட்டு நினைத்திருந்தாள். மாறாக, கை நடுக்கம்கூட நின்று போயிற்று. மெழுகுக் கத்தியைத் துடைத்து வைத்தாள். ஸ்பிரிட் விளக்கை மூடியால் அணைத்தாள். பிளாஸ்டர் படிந்த கையோடு தடுப்பைத் தாண்டி வெளியே வந்தாள்.

"அண்ணா, மாத்திரை போட்டியா?"

அவன் திரும்பினான். கேள்வி புரியவில்லை. அந்தக் கேள்வி தன்னைப் பார்த்து வரக்கூடும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. டாக்டரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான், பார்த்தீர்களா என்பது போல. உள்ளே போ, அப்புறம் பேசலாம் என்றான்.

"காலைல சாப்பிட்டதும் ஒண்ணு. சாயங்காலம் போட்டா தூக்கம் வராது. கவனம் நிக்கிறதுக்கான மருந்து. இன்னிக்குப் போட்டியா, இல்ல அதையும் மறந்துட்டியா?"

அண்ணனின் கை தன்னை அறியாமல் சட்டைப் பையைப் பொத்தியது. அந்த ஒரு அசைவு போதுமானதாக இருந்தது. அண்ணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

ஆறு வருடம் தொண்டையில் நின்ற கசப்பு சிட்டுவுக்குச் சட்டென்று இறங்கியது. நாக்கு தித்தித்தது என்றே சொல்ல வேண்டும். அண்ணன் முகத்திலிருந்து ஒவ்வொரு நிறமாக வடிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தனக்கு வைத்தியம் சொன்ன வாய்க்குத் தானே வைத்தியம் சொன்ன சந்தோஷம். நாலு பேர் முன்னால் அடுத்தவரின் நோயைப் பிரித்துப் போடுவது எவ்வளவு வசதியான ஆயுதம் என்பது, அதைக் கையில் பிடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வசதியானதை இவர்கள் கீழே வைக்காததில் வியப்பில்லை.

டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். "யாருக்கு என்ன வியாதின்னு கேக்க நான் வரல. பெரியவரோட பல் எங்க?"

சிட்டு நேராக அலமாரிக்குப் போனாள். கீழ்த் தட்டில், பின் வரிசையில், இடது ஓரத்துப் பெட்டி. தேடவில்லை, திறந்துகூடப் பார்க்கவில்லை. எடுத்து வந்து டாக்டரம்மா கையில் கொடுத்தாள். இதுதான் அவருடையது, குறுகிய தாடைக்காரருடையது உங்களிடம் வந்துவிட்டது, பெயர் ஒட்டினதில் மாறியிருக்கிறது என்றாள்.

பெயர் ஒட்டுவது யார் வேலை என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணி கண்ணை அண்ணன் பக்கம் திருப்பினாள். டாக்டரம்மாவுக்கு அதுவே பதிலாகப் பட்டது. கிளம்பும்போது சிட்டுவிடம், உங்கள் லேபிலிருந்து எது வந்தாலும் இரண்டு தடவை பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நர்சுகளுக்கும் சொல்லியிருக்கிறேன், அதை நானே திருத்திவிடுகிறேன் என்றார். சொல்லிவிட்டு முகம் சிவந்து படியிறங்கினார்.

அண்ணன் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. பெட்டி இருந்த அலமாரியையும் சிட்டுவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கவனம் நிற்காதவனுக்கு அன்று ஒரு இடத்தில் கவனம் நின்றுவிட்டது.

*

அண்ணி எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

அண்ணன் நாற்காலியில் சரிந்தான். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று ஆன பிறகு வார்த்தைகள் தாறுமாறாக வந்தன. போன மாதம்தான் தெரிந்ததாம். சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம். கவனக் குறைபாடு, பரபரப்பு என்று நீளமாக ஒரு பெயர் சொன்னார்களாம். பிறவியிலேயே மூளை அப்படி அமைந்திருக்கிறதாம், திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லையாம். அதைக் கேட்டபோது டாக்டர் முன்னால் அழுதேன் என்றான். அப்பாவிடம் வாங்கின அடி முழுக்க ஞாபகம் வந்தது என்றான்.

"அப்ப என் பேரை எதுக்குச் சொன்ன?" என்றாள் சிட்டு.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப முதல் தடவை சொன்னேன். ஒரு டாக்டர் போன்ல கிழிகிழின்னு கிழிச்சார். தங்கச்சிக்கு மனசு சரியில்ல சார்னேன். உடனே அடங்கிட்டார். என்னைப் பாவம்னார். அப்புறம் அப்படியே பழகிடுச்சு."

"உனக்கு அது இருக்கிறது தப்பில்லண்ணா. எனக்கு இருக்கிறதை எடுத்து அதை மூடினே பாரு, அதுதான் தப்பு."

அவன் தலை குனிந்தான். இன்னும் கொஞ்சம் குனியட்டும் என்று சிட்டு நின்றாள். ஆனால் அந்த இடத்தை அண்ணி எடுத்துக்கொண்டாள்.

இங்கே வண்டுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே மகள். நிற்கிற இடத்தில் நிற்காமல் ரீங்கரித்துக்கொண்டே சுற்றுவதால் அத்தை சிட்டு வைத்த பெயர் அது. புத்தகப் பையை வகுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். ஒரு செருப்போடு வருவாள். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு விடையை எழுத மறப்பாள். போன வருடம் அண்ணன் அவளை, கண்டிப்பு இருந்தால்தான் உருப்படுவாள் என்று ஊருக்கு வெளியே இருக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டான்.

"பிள்ளையை ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு பழைய ஸ்கூல் டீச்சர் சொன்னாங்களே, அப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்று அண்ணி கேட்டாள்.

அவன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான்.

"நம்ம வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்னீங்க."

சிட்டு அதை அப்போதுதான் கேட்கிறாள். அந்த ஒன்று யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணி தொடர்ந்தாள். போன மாதமே தனக்கு என்னவென்று தெரிந்திருக்கிறது, மகளுக்கும் அதுதான் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தனக்கு மட்டும் ரகசியமாக மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, பிள்ளையை விடுதியில் தண்டனை வாங்க விட்டிருக்கிறான். போன ஞாயிறு போனில் வண்டு, வகுப்புக்கு வெளியே நிற்கிற இடம் தனக்குப் பழகிவிட்டது என்று சொன்னபோது இவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

அண்ணி குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. மேஜையிலிருந்த கார் சாவியை எடுத்தாள். கூட வருகிறாயா என்று சிட்டுவைக் கேட்டாள். சிட்டு கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினாள்.

*

அண்ணிதான் காரை ஓட்டினாள். நகரம் முடிந்து, பட்டறைகளும் கிடங்குகளும் வந்து, அவையும் முடிந்த பிறகு வாயைத் திறந்தாள்.

"நானும் உன்னை அதே கேள்வி கேட்டிருக்கேன் சிட்டு."

"ஆமா அண்ணி. தினமும்."

இல்லை, பரவாயில்லை, விடுங்கள் என்று ஏதாவது வரும் என்று அண்ணி எதிர்பார்த்திருப்பாள். சிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நாள் கார் ஓட்டிவிட்டால் ஆறு வருடம் அழிந்துவிடாது. அண்ணன் கணக்கு இன்று தீர்ந்தது. அண்ணி கணக்கு அப்படியே இருக்கிறது, அதற்கும் ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாள் அவ்வளவு பக்கத்தில் நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

விடுதியின் பார்வையாளர் அறையில் ஒரு மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. சுவர் முழுக்க விதிகள். ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, மறக்கக்கூடாது. வார்டன் அம்மாள் உள்ளே வந்ததும், மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றாள் அண்ணி.

வார்டன் அண்ணிக்குப் பதில் சொல்லவில்லை. அவள் தோளுக்கு மேலாக, சேர்க்கையன்று கூட வந்திருந்த சிட்டுவைப் பார்த்தார். "நீங்கதானே நாத்தனார்? உங்க அண்ணன் இப்பதான் போன் பண்ணார். நீங்க கூட இருப்பீங்கன்னு நான் நினைக்கல. நல்லதாப் போச்சு."

என்ன சொன்னார் என்று சிட்டு கேட்டாள்.

வார்டன் குரலைத் தாழ்த்தினார். அண்ணிக்கு மனசு சரியில்லையாம். காலையிலிருந்து ஏதேதோ பேசுகிறாளாம். பிள்ளையைக் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம், பக்குவமாகப் பேசித் திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னாராம். அண்ணி அங்கேயே நிற்கும்போதே, அவள் சுவரோ நாற்காலியோ என்பது போல இதையெல்லாம் சொல்லி முடித்தார்.

அண்ணிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் வெடித்தது. யாருக்கு மனசு சரியில்லை, எனக்கா, அந்த மனுஷன் சொன்னாரா, எனக்கா என்று கேட்டாள். கேட்கக் கேட்க வார்டன் ஓரடி பின்னால் வைத்தார். வாசலில் காவல்காரர் வந்து நின்றார். வார்டனின் முகத்தில் பரிதாபம் படர்ந்தது. "சரிம்மா, சரிம்மா, உக்காருங்கம்மா" என்று பச்சைப் பிள்ளையிடம் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையாக நீட்டினார்.

அந்த முகத்தைச் சிட்டுவுக்குத் தெரியும். அந்த இழுவைக் குரலும் தெரியும். நான் சரியாக இருக்கிறேன் என்று உரக்கச் சொல்லச் சொல்ல, சரியில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிப் போன ஒரு மத்தியானம் அவளுக்கு உண்டு. அன்று கதவருகே நின்று இதே இழுவையில் "சரி சிட்டு, சரி சிட்டு" என்றவள் இந்த அண்ணிதான்.

கேட்காமலே கையில் வந்து விழுந்தது பழி. ஒரு வார்த்தை பேசாமல் சும்மா நின்றால் போதும். காலையில் தித்தித்த நாக்குக்கு இன்னொரு விருந்து. சிட்டு நின்றுதான் பார்த்தாள். அண்ணி கண்கள் அறை முழுக்க ஓடி, தன்னை நம்புகிற ஒரு முகத்தைத் தேடி, கடைசியில் அவளிடம் வந்து நின்றன.

ருசிக்கவில்லை. ஏன் என்று சிட்டுவுக்கே கோபமாக வந்தது.

அண்ணியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள்.

"கத்தாதீங்க. அழவும் கூடாது. அழுதாலும் அதைத்தான் சொல்வாங்க. கையை மடியில வைங்க. மூச்சை மெதுவா விடுங்க. எனக்கு இதுல அனுபவம் உண்டு."

அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பேச்சுச் சத்தம் கேட்டோ என்னவோ, மாடிப்படி வளைவில் வண்டு வந்து நின்றாள். முழங்கையில் மைக்கறை, ஒரு காலில் மட்டும் காலுறை. அம்மாவைப் பார்த்து இறங்கப் போனவளை, அங்கேயே இரு என்று வார்டன் கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணி மகளைப் பார்த்துச் சிரித்தாள். அழாமல் சிரிப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்தது.

சிட்டு வார்டனிடம் மெதுவான குரலில், நீங்கள் உங்கள் கடமையைச் செய்கிறீர்கள், தப்பில்லை, அண்ணனையே மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்றாள். அந்த நிதானம் வார்டனுக்குப் பிடித்திருந்தது. தன் செல்போனில் கூப்பிட்டார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, உங்களிடம்தான் பேச வேண்டுமாம் என்று போனைச் சிட்டுவிடம் நீட்டினார்.

அண்ணன் மூச்சிரைத்தான். நடந்துகொண்டே பேசுகிறான் போலிருந்தது. பல் செட் பெட்டி மாறியதை நீ பார்த்துவிட்டுத்தான் விட்டாய் என்று எனக்குத் தெரியும் என்றான். பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடக்கூட இல்லையே நீ என்றான்.

அது உண்மை. சிட்டு மறுக்கவில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவன் சொல்லி முடிப்பதற்குள், வார்டன் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சிட்டு கவனித்தாள். போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி மேஜை நடுவில் வைத்தாள்.

"சரியா கேக்கலண்ணா. இங்க சிக்னல் சரியில்ல. இன்னொரு தடவை சொல்லு."

அவன் சொன்னான். கேட்காதவளுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னான்.

"டாக்டரம்மாகிட்ட நீதான் மாத்தி வச்சேன்னு சொல்லு. மாத்திரையை நிறுத்திட்டேன், அதான் அப்படி ஆயிடுச்சுன்னு சொல்லு. உனக்கு இதெல்லாம் புதுசா என்ன. நீ சொல்லிட்டேன்னா, அண்ணிக்கு ஒண்ணுமில்ல, சும்மா கோபத்துல சொன்னேன்னு வார்டன்கிட்ட நானே சொல்லிடறேன். பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

வார்டனின் முகத்திலிருந்த பரிதாபம் துணி உருவுவது போல உருவிக்கொண்டு போயிற்று. காவல்காரர் தரையைப் பார்த்தார். சிட்டு நிதானமாகக் கேட்டாள், சொல்லாவிட்டால் என்று.

"சொல்லலேன்னா வண்டு அங்கயே கிடக்கட்டும். எனக்கென்ன."

கோபத்தில் வாய் முந்திக்கொண்ட பேச்சு அது. மனசு அறிந்து சொன்னானா இல்லையா என்பது வேறு விஷயம். சொன்னது சொன்னதுதான். வார்டன் மெல்லக் கையை நீட்டிப் போனை எடுத்து, ஐயா, நான்தான் வார்டன் பேசுகிறேன், நீங்கள் சொன்னதெல்லாம் எங்கள் காதில் விழுந்தது என்றார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் சிட்டு. அண்ணனை அவன் வாயாலேயே கட்டிப் போட்டாயிற்று. இனி அவன் எந்த டாக்டரிடமும் எந்த வார்டனிடமும் அந்தத் துக்கக் குரலில் பேச முடியாது. அண்ணியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, வண்டுவைக் கூப்பிடத் தலையை நிமிர்த்தினாள்.

வண்டு படி வளைவிலேயே நின்றிருந்தாள். ஆடவில்லை, அசையவில்லை, ரீங்காரமும் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று அத்தை பார்த்ததே இல்லை. யார் கூப்பிட்டாலும் பாதியில் மறந்துவிடுகிற அந்தப் பிள்ளை, அப்பா சொன்ன ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டிருக்கிறாள்.

"வண்டு, வாடா கண்ணு, வீட்டுக்குப் போகலாம்" என்றாள் அண்ணி, எழுந்து கையை நீட்டி.

வண்டு அம்மாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். மேஜை மேல் போன் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"நான் வரல" என்று சொல்லிவிட்டு, திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.